ஓ.டி. போனால் என் பையன் உட்காருவானா?

நீங்கள் கேட்டிருப்பது இது: மகனுக்கு 7 வயது, இரண்டாம் வகுப்பு. வகுப்பில் ஓரிடத்தில் உட்காருவதில்லை, எழுத்து வேலையை முடிப்பதில்லை, காலையில் கிளம்புவதற்குள் வீடே ரணகளம். குழந்தை மனநல மருத்துவர் பார்த்துவிட்டு ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் துறுதுறுப்பும் சேர்ந்த வளர்ச்சிக் குறைபாடு) என்று சொல்லி, சீட்டில் 'ஓ.டி.', அதாவது ஆக்குபேஷனல் தெரபி, என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். நீங்கள் போன தெரபி மையத்தில் வாரம் 5 நாள் வீதம் 6 மாதம் வந்தால் மருந்தே இல்லாமல் சரியாகிவிடும் என்றார்களாம். ஓ.டி. மட்டும் போதுமா, எத்தனை மாதத்தில் உட்காருவான் என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், "45 நிமிஷம் உள்ள கூட்டிட்டுப் போய்க் கதவைச் சாத்திடறாங்க, வீட்ல நான் என்ன செய்யணும்னு யாருமே சொல்ல மாட்டேங்கறாங்க" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் உங்கள் உண்மையான கேள்வியாகப் படுகிறது. முதல் இரண்டுக்கும் சுருக்கமாகவும், இதற்கு விரிவாகவும் பதில் சொல்கிறேன்.

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். 18 வருடமாகக் குழந்தைகளோடு மட்டும்தான் வேலை. உங்கள் மகனை நான் பார்த்ததில்லை. அதனால் அவனுக்கு இருப்பது ஏ.டி.எச்.டி.தானா, எவ்வளவு தீவிரம் என்றெல்லாம் இங்கிருந்து சொல்ல முடியாது. மருந்து கொடுப்பதா வேண்டாமா என்பது மருத்துவரும் நீங்களும் முடிவு செய்ய வேண்டியது. அதைப் பற்றி ஆய்வுகள் சொல்வதை மட்டும் சொல்கிறேன். தினசரி வேலைகளில் அவன் எங்கே தடுக்கி விழுகிறான், அதற்கு என்ன செய்யலாம் என்பதுதான் என் துறை. அதில் தைரியமாகப் பேசுவேன்.

இந்தப் பெயரே பல பெற்றோரைக் குழப்புகிறது. தமிழில் 'தொழில்முறை சிகிச்சை' என்று பலகையில் எழுதிவிடுகிறார்கள், "ஏழு வயசுப் பையனுக்கு என்னங்க தொழில்?" என்று ஒரு தாத்தா என்னிடம் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. ஒரு மனிதன் ஒரு நாளை நிரப்பும் எல்லா வேலையும் இங்கே தொழில்தான். பல் தேய்ப்பது, குளிப்பது, பட்டன் போடுவது, சிந்தாமல் சாப்பிடுவது, நோட்டில் எழுதுவது, மற்ற பிள்ளைகளோடு சண்டை வராமல் விளையாடுவது, நேரத்துக்குத் தூங்குவது: ஏழு வயதுப் பிள்ளையின் தொழில்கள் இவை. இந்தியாவில் இந்தப் படிப்பை 1950இல் மும்பையில் தொடங்கி வைத்தவர் கமலா நிம்ப்கர். இன்று இது நான்கு ஆண்டுக்கும் மேலான பட்டப்படிப்பு. நான் இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஊஞ்சலும் பந்தும் வைத்திருக்கிற ஒவ்வோர் இடத்திலும் உள்ளே இருப்பவர் இந்தப் படிப்பு படித்தவர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். "நீங்க என்ன படிச்சிருக்கீங்க?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

ஏ.டி.எச்.டி. பற்றி ஒன்றைத் தெளிவாக்கிவிட்டால் பாதிச் சண்டை குறையும். "டிவி பார்க்கும்போது மட்டும் ஒரு மணி நேரம் ஆடாம அசையாம உட்கார்றானே, அப்ப வேணும்னுதானே பண்றான்?" என்று கேட்காத வீடே இல்லை. இந்தப் பிள்ளைகளிடம் கவனம் இல்லாமல் இல்லை. அதை வேண்டிய இடத்தில் வைக்கவும், வேண்டாத இடத்திலிருந்து எடுக்கவும் உதவுகிற கட்டுப்பாடுதான் மெதுவாக வளர்கிறது. டிவி நொடிக்கு நொடி புதிதாக ஒன்றைக் கொடுத்து, கவனத்தைத் தானே பிடித்து வைத்துக்கொள்கிறது. கணக்கு நோட்டு அப்படிச் செய்வதில்லை. அமெரிக்காவின் தேசிய மனநல ஆய்வு நிறுவனத்தில் பிலிப் ஷா குழுவினர் 2007இல் மூளைப் படங்களை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மூளைப் புறணி, அதாவது மூளையின் வெளி அடுக்கு, தன் உச்ச தடிமனை அடையும் வயது மற்றப் பிள்ளைகளுக்குச் சுமார் ஏழரை என்றால், இந்தப் பிள்ளைகளுக்குச் சுமார் பத்தரை. வளர்ச்சியின் வரிசை ஏறக்குறைய அதேதான், நேரம்தான் தள்ளிப்போகிறது. தன்னைத்தானே நிர்வகிக்கும் திறனில் இவர்கள் வயதில் சுமார் 30 சதவீதம் பின்தங்கியிருப்பார்கள் என்று எண்ணிக்கொள்ளச் சொல்கிறார் உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி. அது தோராயக் கணக்குதான், அளவுகோல் இல்லை. ஆனாலும் எனக்கு அது தினமும் கை கொடுக்கிறது. உங்கள் மகனுக்குப் படிப்பில், பேச்சில் ஏழு வயது. காலையில் தானே கிளம்புவதில், காத்திருப்பதில், பொருளைப் பத்திரமாக வைத்துக்கொள்வதில் ஐந்து வயது. ஐந்து வயதுப் பிள்ளையிடம் எவ்வளவு எதிர்பார்ப்பீர்களோ, அவ்வளவு எதிர்பார்த்துப் பாருங்கள். கோபம் வருகிற இடங்கள் மாறும்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்தே சொல்கிறேன். ஏ.டி.எச்.டி.க்கு வலுவான ஆதாரம் உள்ளவை மூன்று: பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சி (பிள்ளையின் நடத்தையைக் கையாளப் பெற்றோருக்குக் கற்றுத்தருவது), வகுப்பறையில் செய்யும் மாற்றங்கள், மருந்து. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2019இல் புதுப்பித்த வழிகாட்டுதலும் இப்படித்தான் போகிறது. 6 வயதுக்குக் கீழே என்றால் முதலில் பெற்றோருக்குப் பயிற்சி. 6 வயதுக்கு மேல் மருந்தும் நடத்தைப் பயிற்சியும் சேர்ந்து. 7 முதல் 9 வயதுவரையிலான 579 பிள்ளைகளை 14 மாதம் தொடர்ந்து பார்த்து 1999இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று உண்டு. கவனக்குறைவு, துறுதுறுப்பு ஆகிய மூல அறிகுறிகளைக் குறைப்பதில், ஒழுங்காகக் கண்காணித்துக் கொடுத்த மருந்து நடத்தைப் பயிற்சியை மட்டும் செய்வதைவிட நன்றாக வேலை செய்தது. அதே பிள்ளைகளை மூன்றாம் ஆண்டில் பார்த்தபோது குழுக்களுக்கு இடையே இருந்த அந்த வித்தியாசம் மறைந்திருந்தது. இரண்டையும் சேர்த்தே மனதில் வையுங்கள். மருந்து விஷமும் இல்லை, ஒருமுறை கொடுத்துவிட்டு மறந்துவிடுகிற விஷயமும் இல்லை.

ஓ.டி. இந்த மூன்றுக்கும் மாற்று இல்லை. மூல அறிகுறிகளை ஓ.டி. தனியாகக் குறைத்துவிடும் என்று சொல்லப் போதுமான ஆதாரம் கிடையாது. "ஆறு மாசத்துல மருந்தில்லாம சரியாயிடும்" என்று ஒரு தெரபிஸ்ட் சொன்னால், தன்னால் கொடுக்க முடியாத வாக்கைக் கொடுக்கிறார். இதை என் துறையைச் சேர்ந்தவர்களைப் பற்றிச் சொல்ல எனக்கு வருத்தம்தான். ஆனாலும் உங்கள் பணமும், அதைவிட முக்கியமாக உங்கள் பிள்ளையின் ஏழாவது வயதும் இதில் இருக்கின்றன. ஓ.டி. நன்றாகச் செய்யக்கூடியது வேறு. அவனுடைய ஒரு நாளில் எந்த வேலை எங்கே உடைகிறது என்று கண்டுபிடித்து, வேலையை, இடத்தை, பொருளை, சொல்லும் முறையை மாற்றி, அதை அவனால் முடியும்படி செய்வது. அது தெரபி அறைக்குள் நடப்பதைவிட உங்கள் வீட்டு நடையிலும் அவன் வகுப்பறையிலும்தான் அதிகம் நடக்க வேண்டும்.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். மூன்றாம் வகுப்புப் பையன். "காலைல வேன் வர்றதுக்குள்ள எனக்கு உயிரே போயிடுது" என்றார் அம்மா. நான் பையனைச் சோதிப்பதற்கு முன்னால், ஒரு நாள் காலையை அப்படியே போனில் எடுத்து அனுப்பச் சொன்னேன். வந்த வீடியோவில் 11 நிமிடம் அவன் கையில் ஒரே ஒரு சாக்ஸ் இருந்தது. சாக்ஸ் படுக்கையறை பீரோவில். ஷூ வாசலில். டை, டிவி மேல். பை, சாப்பாட்டு மேசைக்கு அடியில். ஒவ்வொன்றையும் எடுக்கப் போகும் வழியில் ஓடிக்கொண்டிருக்கும் டிவி, மீன் தொட்டி, தவழும் தங்கச்சி. அம்மா அடுப்படியிலிருந்து, "சாக்ஸ் போட்டியா? டை எங்க? தண்ணி பாட்டில் எடுத்து வை, மணி பாரு" என்று நான்கு விஷயங்களை ஒரே மூச்சில் சொல்கிறார். அவன் "ம்" என்கிறான். எதுவும் உள்ளே போகவில்லை.

நாங்கள் செய்தது பெரிய வித்தை எதுவும் இல்லை. வாசல் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கூடை. முதல் நாள் இரவே சாக்ஸ், ஷூ, டை, அடையாள அட்டை, பை எல்லாம் அதில். சட்டையும் டிராயரும் குளியலறைக் கதவிலேயே தொங்கும். குளித்த கையோடு அங்கேயே போட்டுக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். கிளம்பும் வரிசையை ஐந்து படங்களாக அவனையே வரையச் சொல்லி, கூடைக்கு மேலே சுவரில் ஒட்டினோம். முடித்த படத்தின் மேல் அவனே ஒரு துணி கிளிப்பை மாட்டுவான். டிவி காலையில் கிடையாது, அப்பாவுக்கும் சேர்த்து. அம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பதை நிறுத்தினார். பக்கத்தில் வந்து, தோளைத் தொட்டு, ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லி, அது முடிந்த பிறகு அடுத்தது. மூன்று வாரத்தில் வேன்காரர் ஹாரன் அடிப்பது நின்றது. சாக்ஸ் சண்டை மட்டும் தொடர்ந்தது. உட்கார்ந்து பார்த்தால், விரல் நுனியில் வரும் தையல் அவனுக்கு உறுத்துகிறது. உள்பக்கத்தை வெளிப்பக்கமாகத் திருப்பிப் போடச் சொன்னேன். அன்றோடு அதுவும் முடிந்தது. அந்தப் பையனுக்கு ஏ.டி.எச்.டி. போய்விடவில்லை. அவனுடைய காலை அவன் கைக்கு வந்தது.

இதில் ஒளிந்திருப்பது ஒரு கொள்கை. இந்தப் பிள்ளைகளுக்கு மனதுக்குள் வைத்துக்கொள்ள வேண்டியதை வெளியே, கண்ணுக்குத் தெரியும்படி எடுத்து வைக்க வேண்டும். வரிசை மனதில் நிற்காது, சுவரில் நிற்கும். "பத்து நிமிஷத்துல" என்பது அவனுக்கு வெறும் சத்தம். மணல் கடிகாரமோ, குறையும் நேரத்தை நிறமாகக் காட்டும் டைமரோ வைத்தால் நேரம் கண்ணில் தெரியும். பாராட்டும் அப்படித்தான். "இந்த வாரம் பூரா ஒழுங்கா இருந்தா ஞாயித்துக்கிழமை பீச்" என்பது அவனுக்கு அடுத்த ஜென்மம். ஷூ போட்டவுடன், அந்த நிமிடமே, "சொன்னதும் ஷூவைப் போட்டுட்டியே" என்று எதைச் செய்தான் என்று சொல்லிப் பாராட்டுங்கள். உதவி எப்போதும் தடுமாறுகிற இடத்திலேயே, தடுமாறுகிற நேரத்திலேயே கிடைக்க வேண்டும். மாலை நாலு மணிக்கு ஒரு அறையில் சொல்லிக்கொடுத்ததை மறுநாள் காலை ஏழு மணிக்கு அவனாக எடுத்துப் பயன்படுத்துவான் என்று எதிர்பார்க்கக் கூடாது. அதுதானே அவனுடைய சிரமமே.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு யோசிக்கும் முறையையே கற்றுத்தரலாம். கனடாவில் ஹெலன் போலடாய்கோவும் ஏஞ்சலா மாண்டிச்சும் உருவாக்கிய 'கோ-ஆப்' என்ற அணுகுமுறையில், பிள்ளையே இலக்கைத் தேர்ந்தெடுக்கும். என்ன செய்யப் போகிறேன், எப்படிச் செய்யப் போகிறேன், செய்கிறேன், சரியாக வந்ததா என்று நான்கு படிகளாக அது தனக்குத்தானே பேசிக்கொள்ளும். ஜெருசலேமின் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் ஏ.டி.எச்.டி. பிள்ளைகளுக்கென்றே உருவாக்கிய 'காக்-ஃபன்' என்ற முறையில், விளையாட்டு வழியாக, பெற்றோரையும் அறைக்குள் உட்கார வைத்து, நின்று யோசிப்பதையும் சரிபார்ப்பதையும் பழக்குகிறார்கள். நல்ல முடிவுகள் வந்திருக்கின்றன. ஆனால் ஆய்வுகள் சிறியவை. மருந்துக்கு இருப்பதுபோல் ஆயிரக்கணக்கான பிள்ளைகளிடம் சோதித்துப் பார்த்த ஆதாரம் இல்லை. நம்பிக்கை தரக்கூடியவை என்ற அளவில் வைத்துக்கொள்ளலாம்.

எழுத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இதில் சோம்பேறித்தனம் என்று நினைப்பதற்கு முன்னால் கையைப் பார்க்க வேண்டும். ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகளில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு உடல் அசைவுகளை ஒருங்கிணைப்பதிலும் சிரமம் உண்டு. பந்து பிடிப்பது, பட்டன் போடுவது, பென்சிலைக் கையாள்வது எல்லாவற்றிலும் அது தெரியும். தமிழ் எழுத்தில் இது வெளிப்படும் விதமே தனி. மூன்று சுழி 'ண' எழுதப் போய் எத்தனை சுழி போட்டோம் என்ற கணக்கு பாதியில் விட்டுப்போகும். ஒரு வரியில் மூன்று சுழி, அடுத்த வரியில் நான்கு. 'கொ' எழுதும்போது கொம்பு வரும், துணைக்கால் வராது. மெய்யெழுத்துப் புள்ளிகள் மொத்தமாகக் காணாமல் போகும். டீச்சர் சிவப்பு மையில் வட்டமிட்டு 'எழுத்துப் பிழை' என்று எழுதுவார். பிள்ளைக்கு எழுத்து தெரியும். வாயால் கேட்டால் சரியாகச் சொல்லும். எழுதும் வேகத்துக்கும் மனம் ஓடும் வேகத்துக்கும் நடுவில் புள்ளி விழுந்துவிடுகிறது.

இதற்கு நான் செய்வது: முதலில் உட்காரும் விதம். கால் தரையில் பதியாமல் தொங்கினால் உடம்பு நிலைகொள்ளாது. காலுக்கு அடியில் ஒரு மணையையோ கட்டிய பழைய செய்தித்தாள் கட்டையோ வையுங்கள். நின்றுகொண்டு எழுதினால் எழுதட்டும், சன்னல் திண்டு உயரம் சரியாக இருந்தால் அங்கேயே. ஒரு பக்கம் எழுத வேண்டியதை நான்கு நான்கு வரியாகப் பிரித்து, நடுவில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். எழுதும்போது புள்ளியைப் பற்றிப் பேசவே கூடாது. நான்கு வரி முடிந்ததும், பச்சைப் பென்சிலோடு 'புள்ளி வேட்டை': விட்டுப்போன புள்ளிகளை அவனே தேடி வைக்க வேண்டும், எத்தனை பிடித்தான் என்று எண்ண வேண்டும். எழுதுவதும் சரிபார்ப்பதும் இரண்டு வேலை. இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்டால் இரண்டும் போகும்.

இனி நீங்கள் போன மையத்தில் காட்டிய ஊஞ்சல், உடம்பில் தேய்க்கும் பிரஷ், எடை வைத்த சட்டை. இவற்றுக்கு அடிப்படையானது ஜீன் ஏயர்ஸ் என்ற அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் 1960, 70களில் உருவாக்கிய புலன் ஒருங்கிணைப்புக் கோட்பாடு. 'சென்சரி இன்டெக்ரேஷன்' என்று சொல்லியிருப்பார்கள். தொடுதல், சமநிலை, மூட்டுத் தசைகளிலிருந்து வரும் உணர்வு ஆகியவற்றை மூளை எப்படிக் கோத்துக்கொள்கிறது என்பதைப் பற்றி அவர் கேட்ட கேள்விகள் அருமையானவை. ஆனால் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2012இலேயே, இந்தச் சிகிச்சையின் பலன் பற்றிய ஆய்வுகள் குறைவாகவும் முடிவுக்கு வர முடியாமலும் இருக்கின்றன என்பதைப் பெற்றோரிடம் சொல்லிவிட வேண்டும் என்றது. 2013இல் வந்த டி.எஸ்.எம்.-5 என்ற மனநல நோய் வகைப்பாட்டு நூலிலும் புலன் செயலாக்கக் குறைபாடு தனி நோயாகச் சேர்க்கப்படவில்லை. எடைச் சட்டை, பந்து நாற்காலி பற்றிய ஆய்வுகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. சில பிள்ளைகள் பந்தில் உட்கார்ந்து அமைதியாக எழுதுகிறார்கள், சிலருக்கு அதுவே விளையாட்டாகிவிடுகிறது.

இதில் எனக்கு ஒரு பழைய கடன் இருக்கிறது. படித்து முடித்த புதிதில் நான் வேலை பார்த்த மையத்தில் யார் வந்தாலும் ஒரே வரிசை: ஊஞ்சல், பிரஷ், பந்து, பிறகு மணி கோத்தல். ஒரு பெண் குழந்தை எட்டு மாதம் வந்தாள். என் அறையில் பூ மாதிரி இருப்பாள். ஊஞ்சலிலிருந்து இறங்கிப் பத்து நிமிடம் அழகாக மணி கோப்பாள். நான் முன்னேற்றம் என்று எழுதினேன். ஒரு நாள் அவள் அப்பா நோட்டுகளை எடுத்துவந்து மேசையில் வைத்தார். "மேடம், இங்க நல்லாத்தான் இருக்கா. ஸ்கூல்ல ஒரு பக்கம்கூட எழுதலையே" என்றார். வெறும் பக்கங்கள். அவர் லோன் போட்டுக் கட்டணம் கட்டியவர் என்று பிறகுதான் தெரிந்தது. எட்டு மாதமாக நான் ஒருமுறைகூட அவள் நோட்டைக் கேட்டுப் பார்த்திருக்கவில்லை, அவள் டீச்சரிடம் பேசியிருக்கவில்லை. அதன் பிறகுதான் நான் வேலை செய்யும் முறையை மாற்றினேன். இன்றும் என் அறையில் ஊஞ்சல் தொங்குகிறது. குழந்தை சந்தோஷமாக வருவதற்கும், கடினமான வேலைக்கு நடுவில் உடம்பை அசைப்பதற்கும் அதைப் பயன்படுத்துகிறேன். உடற்பயிற்சிக்குப் பிறகு கொஞ்ச நேரம் கவனம் மேம்படுகிறது என்பதற்கு ஓரளவு நல்ல ஆதாரம் உண்டு. அதற்கு மாதக் கட்டணம் தேவையில்லை. வீட்டுப்பாடத்துக்கு முன் அரைமணி நேரம் சைக்கிள், நொண்டி, ஓடிப்பிடிப்பது போதும். பள்ளியில் தண்டனையாக விளையாட்டு வகுப்பை நிறுத்தினால் தயவுசெய்து போய்ப் பேசுங்கள். இவனுக்கு அதை நிறுத்துவது, கண்ணாடி போட்ட பிள்ளையிடம் கண்ணாடியைப் பிடுங்குவது மாதிரி.

வீட்டில் என்ன விளையாடலாம் என்றால், பல்லாங்குழியை எடுங்கள். 14 குழி, கையில் காய், ஒவ்வொன்றாகப் போட வேண்டும், எதிராளி ஆடி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும், அடுத்து எந்தக் குழியிலிருந்து எடுப்பது என்று முன்கூட்டி யோசிக்க வேண்டும். அவனுக்கு எவை கடினமோ அவை எல்லாம் அதில் இருக்கின்றன, தோற்பது உட்பட. முதலில் பாதி ஆட்டம் மட்டும், ஐந்து நிமிடம். தாயம், சிலை விளையாட்டு, அம்மாவோடு புள்ளிக் கோலம் எல்லாமே நல்லது. பல்லாங்குழி ஆடினால் ஏ.டி.எச்.டி. குறையும் என்று நான் சொல்லவில்லை. காத்திருப்பதைப் பாட்டியோடு சிரித்துக்கொண்டே பழகலாம், அவ்வளவுதான் சொல்கிறேன்.

பள்ளிக்கு ஒருமுறை போய் வாருங்கள், புகார் சொல்ல இல்லை, கேட்க. ஐம்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டிருக்கும் டீச்சரிடம் பத்துக் கோரிக்கை வைத்தால் ஒன்றும் நடக்காது. இரண்டு போதும். முதல் வரிசையில், கதவுக்கும் சன்னலுக்கும் தள்ளி, அமைதியான ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் இடம். நோட்டு விநியோகிப்பது, போர்டு துடைப்பது போல எழுந்து நடக்கும் வேலைகளில் சிலவற்றை அவனுக்கே கொடுப்பது. முடிந்தால் மூன்றாவதாக, தினமும் ஒரே ஒரு இலக்குக்கு டிக் போடும் ஒரு சின்ன அட்டை. அது வீட்டுக்கு வந்ததும் உடனே ஒரு சின்னப் பரிசு. இப்படிப்பட்ட தினசரி அட்டைக்கு நல்ல ஆதாரம் உண்டு. மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் பற்றியும் ஒரு வார்த்தை: 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஏ.டி.எச்.டி. தனியாக இல்லை, 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' (படிப்பது, எழுதுவது, கணக்கு ஆகியவற்றில் மட்டும் வரும் சிரமம்) இருக்கிறது. இவை இரண்டும் ஒரே பிள்ளைக்குச் சேர்ந்து வருவது சகஜம். எட்டு வயது தாண்டியும் படிப்பதிலும் எழுதுவதிலும் பெரிய இடைவெளி தெரிந்தால் அதற்கான மதிப்பீட்டையும் கேளுங்கள்.

இனி அந்த மையத்துக்குப் போவதா என்பது. போய் இதைக் கேளுங்கள்: "மூணு மாசத்துல என் பையன் எந்த வேலையைத் தானாச் செய்வான்?" பதில், 'கவனம் கூடும்', 'சென்சரி ரெகுலேட் ஆகும்' என்று வந்தால் திரும்பக் கேளுங்கள். 'ஒரு முறை மட்டும் ஞாபகப்படுத்தினால் 20 நிமிடத்தில் கிளம்புவான்', 'ஐந்து வரி இடைவெளி விடாமல் எழுதுவான்' என்பதுபோல உங்கள் கண்ணாலேயே அளக்கக்கூடிய பதில் வேண்டும். நீங்கள் அறைக்குள் இருக்கலாமா என்று கேளுங்கள். சில நேரம் அம்மா இருந்தால் பிள்ளை வேலை செய்யாது, அது உண்மை. ஆனால் எப்போதுமே வெளியே என்றால் சரியில்லை. டீச்சரிடம் பேசுவார்களா, வீட்டுக்கு என்ன சொல்லித்தருவார்கள், 12 வாரத்தில் மாற்றம் இல்லையென்றால் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். என் அனுபவத்தில், வீட்டில் நடக்கிறது என்றால் வாரம் ஒரு முறை பெரும்பாலும் போதும். வாரம் 5 நாள் வேண்டிய பிள்ளைகள் வெகு சிலரே. பணம் நெருக்கடி என்றால் அரசு வழி உண்டு. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனைகளில் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. 18 வயதுவரை பார்ப்பார்கள். சென்னைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசின் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனமும் உண்டு.

போவதற்கு முன் சிலவற்றைச் சரிபார்த்துவிடுங்கள். கண், காது பார்த்தாயிற்றா? இரவில் குறட்டை, வாயைத் திறந்து தூங்குவது உண்டா? மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டு சதை வளர்ந்து தூக்கம் கெட்டாலும் பிள்ளை பகலில் இப்படித்தான் இருக்கும். ரத்தசோகை? அறிகுறிகள் பள்ளியிலும் வீட்டிலும் என இரண்டு இடங்களிலாவது, ஆறு மாதத்துக்கு மேலாக இருக்கின்றனவா என்று மருத்துவர் கேட்டிருக்க வேண்டும். பள்ளியில் மட்டும்தான் என்றால் பள்ளியைப் பார்க்க வேண்டும். சர்க்கரையும் சாக்லேட்டும் இதை உண்டாக்குவதில்லை, அந்தப் பழியை உங்கள் மேல் போட்டுக்கொள்ளாதீர்கள்.

பழி என்றதும் ஞாபகம் வருகிறது. மாமியார் "வளர்ப்பு சரியில்ல" என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். ஏ.டி.எச்.டி.யில் மரபின் பங்கு ஏறக்குறைய முக்கால் பாகம் என்று இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன. அதை அவரிடம் வாதமாகச் சொல்ல வேண்டாம். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அவரையும் கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். என் அறையில் பலமுறை நடந்திருக்கிறது: நான் விளக்கிக்கொண்டிருப்பேன், பேசாமல் உட்கார்ந்திருக்கும் அப்பா மெதுவாக, "நானும் சின்ன வயசுல இப்படித்தாங்க, எங்கப்பா பெல்ட்டாலயே அடிப்பாரு" என்பார். அதன் பிறகு அந்த வீட்டில் கை ஓங்குவது குறையும்.

நாளைக்கே எல்லாவற்றையும் தொடங்காதீர்கள். ஒன்றே ஒன்று: காலையில் 15 நிமிடத்தைப் போனில் எடுங்கள், திட்டாமல், வழக்கம்போல. மாலையில் அவன் தூங்கிய பிறகு தனியாகப் பாருங்கள். எந்தப் பொருள் எங்கே இருக்கிறது, எங்கே திரும்பினான், நீங்கள் எத்தனை விஷயம் ஒரே மூச்சில் சொன்னீர்கள் என்று எழுதுங்கள். தெரபிஸ்டிடம் முதல் நாள் போகும்போது அந்த வீடியோவையும், ஒரு தமிழ் நோட்டையும், ஒரு கணக்கு நோட்டையும் கொண்டு போங்கள். கூடவே, அவன் தானாக, யாரும் சொல்லாமல், நெடுநேரம் செய்கிற காரியம் ஏதாவது இருந்தால் அதையும்: கட்டிய லெகோ, கழற்றிப் போட்ட ரேடியோ, வரைந்த பேருந்துப் படங்கள். தெரபிஸ்ட் முதலில் எதைக் கையில் எடுத்துப் பார்க்கிறார் என்று கவனியுங்கள்.